3,584 இலை, 99 பேர்

வயர்லெஸ் நெட்வொர்க் சிமுலேஷன் மெதுவாக ஓடுகிறதா? ஒரு ஜிபியு வாங்கிப் போடு. 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. இருக்கும் குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பொறியியல் வட்டாரத்தில் நான் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவரும் பேச்சு இது. ஆய்வு மாணவர் சொல்கிறார், வழிகாட்டி தலையாட்டுகிறார், கொள்முதல் கடிதம் மேலே போகிறது. இதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை என்பதுதான் என் சந்தேகம்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் அதன் முழுப் பலத்தோடு வைத்துவிடுகிறேன். அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணித்துவிட்டு மறுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

2007இல் என்விடியா நிறுவனம் கூடா (CUDA) என்ற நிரலாக்கத் தளத்தை வெளியிட்ட பிறகு, அதுவரை விளையாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த சில்லு எல்லா வகைக் கணக்கும் போடத் தொடங்கியது. மூலக்கூறு ஆய்வு, செயற்கை நுண்ணறிவு என்று பல துறைகள் வேகம் பிடித்தன. வயர்லெஸ் நெட்வொர்க்கிலும் நூற்றுக்கணக்கான நோடுகள் (போன், வண்டி போன்ற கருவிகள்) ஒரே நேரத்தில் இயங்குகின்றன. நோடுக்கு ஒரு கோர் என்று பிரித்துக் கொடுத்தால் வேலை நொடியில் முடிந்துவிடாதா? 2011இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் என்எஸ்-3 சிமுலேட்டரோடு ஜிபியுவை இணைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிரான்ஸின் யூரேகாம் நிறுவனத்தார் கூனெட்சிம் என்று ஜிபியுவிலேயே ஓடும் சிமுலேட்டர் ஒன்றை எழுதினார்கள். 2022இல் என்விடியாவே வயர்லெஸ் ஆய்வுக்கென்று சியோன்னா என்ற திறந்த மென்பொருள் நூலகத்தைக் கொடுத்தது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இந்தியா ஏஐ திட்டம் 10,000க்கும் மேற்பட்ட ஜிபியுக்களைத் திரட்டப்போவதாகச் சொன்னது. ஊரே அந்தப் பக்கம் போகும்போது நாம் மட்டும் ஏன் பழைய சிபியுவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

நியாயமான கேள்விதான். பதிலை ஒரு மடிக்கணினியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவர் மகன் ஒருவன் சேலையூரில் என் வீட்டுக்கு வந்தான். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆய்வு மாணவன். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் போகும் வண்டிகள் ஒன்றுக்கொன்று ரேடியோவில் பேசிக்கொண்டால் விபத்து குறையுமா என்பது அவனுடைய கேள்வி. ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பத்து தடவை "நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் வருகிறேன்" என்று அறிவிக்கும். மற்ற வண்டிகள் அதைக் கேட்கும்.

"ஒரு ரன்னுக்கு ரெண்டு நாள் ஆகுது சார். டிபார்ட்மென்ட்ல ஜிபியு கேட்டிருக்கோம். வந்துட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்ல?"

"எது நேரத்தைத் தின்னுதுன்னு பாத்தியாப்பா?"

"பாக்கல சார்."

பார்த்தோம். லினக்ஸில் பெர்ஃப் என்று ஒரு கருவி உண்டு. நிரலின் எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும், காசு கிடையாது. பட்டியலின் மேல்வரிசையில் ரேடியோ அலைக் கணக்கு இல்லை. நினைவகத்தை ஒதுக்குவதும் விடுவிப்பதும் இருந்தன. அடுத்து எந்த நிகழ்வு என்று வரிசையில் தேடுவது இருந்தது. அதற்கும் மேலே, கோப்பில் எழுதுவது இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி பிகேப் கோப்பு திறந்து, கேட்ட ஒவ்வொரு பாக்கெட்டையும் பதிவு செய்துகொண்டிருந்தான். அவற்றில் ஒன்றைக்கூட அவன் திறந்து பார்த்ததில்லை. போதாதற்கு எல்லாமே பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஆப்டிமைஸ்டு பில்டுக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும்.

இவன் ஒருவன் கதையை வைத்துப் பொதுவிதி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொதுவிதி ஏற்கெனவே இருக்கிறது.

1. நேரம் எங்கே போகிறது என்றே தெரியாமல் எதை வேகப்படுத்துவீர்கள்?

1967இல் கணினி வல்லுநர் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இது, பள்ளிக்கூட வகுத்தல்தான். மொத்த நேரத்தில் ரேடியோ அலைக் கணக்குக்கு 30 விழுக்காடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30ஐ ஜிபியு பூஜ்யமாகவே ஆக்கிவிட்டாலும் மிச்சம் 70 அப்படியே நிற்கும். கிடைக்கும் வேகம் 1.43 மடங்கு. 50 விழுக்காடு போனால் 2 மடங்கு, அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏறாது. 20 மடங்கு வேண்டுமென்றால் நேரத்தில் 95 விழுக்காடு அந்த ஒரே கணக்கில் செலவாகிக்கொண்டிருக்க வேண்டும். என்எஸ்-3, ஓம்நெட்++ போன்ற சிமுலேட்டர்களில் சாதாரண வைஃபை நெட்வொர்க்கை ஓட்டுகிறவர்களுக்கு அப்படிச் செலவாவதில்லை. பாக்கெட் உருவாக்கம், டைமர், பேக்ஆஃப் (மோதலைத் தவிர்க்கக் காத்திருப்பது), வரிசை, ரூட்டிங் அட்டவணை என்று நேரம் நூறு சில்லறை வேலைகளில் சிதறிக் கிடக்கும்.

2. நோடுகள் தனித்தனி என்று யார் சொன்னது?

எதிர்த்தரப்பின் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது: ஆயிரம் நோடு, ஆயிரம் வேலை, ஆயிரம் கோர். ஆனால் வயர்லெஸ் என்றாலே எல்லோரும் ஒரே காற்றைப் பங்குபோட்டுக்கொள்வதுதான். நான் பேசினால் நீங்கள் நிறுத்த வேண்டும். நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மூன்றாமவர் எப்போது தொடங்குவார் என்பது முடிவாகும். நேரத்தில் முந்தியதை முந்தியும் பிந்தியதைப் பிந்தியும் செய்தாக வேண்டும். வரிசை தப்பினால் விடையும் தப்பும்.

இதை இணையாக ஓட்ட வழியே இல்லை என்று சொல்லவில்லை. சாண்டி, மிஸ்ரா என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 1970களின் கடைசியிலேயே வழி சொன்னார்கள். உன் செய்தி என்னை வந்து சேர இவ்வளவு நேரமாவது ஆகும் என்று தெரிந்தால், அந்த அவகாசம் வரை நான் உன்னைக் கேட்காமலே முன்னேறலாம். கம்பி நெட்வொர்க்கில் அந்த அவகாசம் தாராளம். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஃபைபரில் ஒளி போய்ச்சேர சுமார் 10 மில்லி விநாடி ஆகும். தாம்பரம் மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையே? 30 மீட்டர் இடைவெளி என்றால் ரேடியோ அலைக்கு 0.1 மைக்ரோ விநாடி. டெல்லி அவகாசத்தில் லட்சத்தில் ஒரு பங்கு. என்எஸ்-3இன் பகிர்ந்தோடும் வசதிகூட முனைக்கு முனை கம்பி இணைப்பில்தான் நெட்வொர்க்கை வெட்ட விடுகிறது. வயர்லெஸ் சேனலின் குறுக்கே கத்தி வைக்க விடுவதில்லை. எழுதியவர்களின் சோம்பலல்ல அது.

1985இல் டேவிட் ஜெஃபர்சன் வேறு வழி சொன்னார். வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடு, தப்பாகிவிட்டால் பின்னோக்கி வந்து திருத்திக்கொள். அழகான யோசனை. ஆனால் பின்னோக்கி வர வேண்டுமென்றால் ஒவ்வொரு நோடின் பழைய நிலையையும் சேமித்து வைக்க வேண்டும். 8 அல்லது 12 ஜிபி நினைவகம் உள்ள கார்டில் அதை எங்கே வைப்பது?

மூன்றாவது வழி, அடுத்தடுத்த நிகழ்வுகளை ஒரு நேர இடைவெளிக்குள் கட்டாகக் கட்டி, ஒரே நேரத்தில் நடந்ததாகப் பாவித்து ஜிபியுவுக்கு அனுப்புவது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பார்க்கும் ஃபிஷ்விக்கும் 2010இல் இதைச் செய்தார்கள். இப்படிக் கட்டினால் விடையில் பிழை வரும் என்பதை மறைக்காமல் எழுதி, அதை அளந்தும் காட்டினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் நம் ஊரில் அவர்கள் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிழையை விட்டுவிடுகிறோம். வீட்டு வைஃபையில் ஒரு ஸ்லாட், அதாவது காத்திருப்பை எண்ணும் அலகு, 9 மைக்ரோ விநாடி, வாகன வைஃபையில் 13. யார் முந்தினார், யார் மோதினார் என்பது அந்த ஸ்லாட்டுக்குள் முடிவாகிறது. 20 மைக்ரோ விநாடிக்கு ஒரு கட்டு என்று கட்டினால், நீங்கள் ஆராய வந்த மோதலே அந்தக் கட்டுக்குள் போய் மறைந்துவிடும்.

3. மண்டபம் பெரிது, பந்திக்கு ஆள் எங்கே?

அந்தப் பையன் கேட்டிருந்த ரகத்திலேயே கணக்குப் போடுவோம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 3,584 கோர்கள். அவன் சாலையில் 100 வண்டி. வண்டிக்கு நொடிக்குப் பத்து அறிவிப்பு என்றால் மொத்தம் 1,000 அறிவிப்பு. ஒவ்வொன்றையும் மற்ற 99 வண்டிகள் கேட்கின்றன. ஆக, ஓர் அறிவிப்பு கிளம்பும்போது ஒரே நேரத்தில் செய்யக்கூடிய வேலை 99. தூரம் எவ்வளவு, சிக்னல் எவ்வளவு குறைந்தது, அவ்வளவுதான். அடுத்த அறிவிப்பு சராசரியாக ஒரு மில்லி விநாடி கழித்து. முந்தைய அறிவிப்பால் யார் என்ன செய்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் அதைத் தொடங்க முடியும்.

3,584 இலை போட்ட கல்யாண மண்டபம். பந்திக்கு 99 பேர். அவர்கள் எழுந்த பிறகு அடுத்த 99 பேர். மண்டப வாடகை முழுசாகத்தான்.

இந்த 99 பேரை மண்டபத்துக்குள் அழைத்துவரவும் செலவு உண்டு. ஜிபியுவிடம் ஒரு வேலையை ஒப்படைக்க மட்டுமே சில மைக்ரோ விநாடிகள் ஆகும். தரவை அங்கே அனுப்பி விடையைத் திரும்ப வாங்குவது தனி. 99 தூரமும் 99 மடக்கையும் கணக்கிட ஒரு சாதாரண சிபியு கோருக்கு ஆவதும் சில மைக்ரோ விநாடிகள்தான். ஜிபியு செருப்பை மாட்டுவதற்குள் சிபியு தெருக்கோடிக்குப் போய்விட்டு வந்துவிடும்.

அப்படியானால் வண்டிகளைக் கூட்டினால்? 200 ஆக்கினால் நொடிக்கு 2,000 அறிவிப்பு, ஒவ்வொன்றுக்கும் 199 பேர், ஏறத்தாழ நான்கு லட்சம் கேட்பு. வேலை நான்கு மடங்காகிறது, ஆனால் ஒரு பந்தியில் உட்காருகிறவர்கள் இரண்டு மடங்குதான் ஆகிறார்கள். மண்டபம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. மாறாக, வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தாம்பரத்தில் நிற்கும் வண்டியின் குரலை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளி வண்டலூர் பூங்கா வாசலில் நிற்கும் வண்டி எதற்காகக் கேட்க வேண்டும்? ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சிக்னல் இரைச்சலுக்குள் புதைந்துவிடும் என்று அவனுடைய மாடலே சொல்கிறது. ஆனாலும் சிமுலேட்டர் ஒவ்வொரு அறிவிப்பையும் சேனலில் உள்ள எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, கேட்கவில்லை என்று கண்டுபிடித்து, தூக்கிப் போடுகிறது. முன்னும் பின்னும் ஒரு கிலோமீட்டரோடு நிறுத்து என்று சொன்னால் 6இல் 2 கிலோமீட்டர்தான் மிஞ்சும். வேலை மூன்றில் ஒரு பங்காகிறது, ஓரங்களில் நிற்பவர்களுக்கு இன்னும் குறைவு. பத்துப் பதினைந்து வரி நிரல், செலவு பூஜ்யம். கணினிச் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேச வேண்டியதில்லை.

4. எல்லோரும் ஒரே பதார்த்தத்தைச் சாப்பிட மாட்டார்கள்.

ஜிபியு கோர் சிபியு கோரைப் போலச் சுதந்திரமானதல்ல. என்விடியா சில்லில் 32 இழைகள் ஒரு வரிசை. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே கட்டளையைச் செய்யும். ஒருவருக்குச் சாம்பார், ஒருவருக்கு ரசம், ஒருவருக்கு மோர் என்றால், சாம்பார் ஊற்றும்போது மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படத்தின் புள்ளிகளும் நியூரல் வலையின் பெருக்கல்களும் ஒரே பதார்த்தம், ஆகவே பந்தி பறக்கிறது. வைஃபை நோடு அப்படியா? ஒன்று பேக்ஆஃபில் எண்ணிக்கொண்டிருக்கும், ஒன்று பாதிப் பாக்கெட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும், ஒன்று மோதலில் சிக்கி மறுபடி அனுப்பத் தயாராகும். நெட்வொர்க் நெறிமுறை என்பதே "இப்படியானால் அப்படிச் செய்" என்ற கிளைகளின் தொகுப்பு. ஜிபியுவுக்கு ஆகாதது எதுவோ அதைத் தேடிப்பிடித்து அதன் தலையில் கட்டுகிறோம்.

5. அந்த "100 மடங்கு" எதைவிட 100 மடங்கு?

2010இல் இன்டெல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 14 வகைக் கணக்குகளை எடுத்து, சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் சமமாக மெனக்கெட்டு நிரல் எழுதி ஓட்டினார்கள். ஜிடிஎக்ஸ் 280 கார்டு, கோர் ஐ7 960 சில்லைவிட சராசரியாக 2.5 மடங்குதான் வேகம். இன்டெல்காரர்கள் சிபியு விற்கிறவர்கள், அவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று கேட்கலாம். கேளுங்கள். அதே கேள்வியை ஜிபியு விற்கிறவர்களின் விளம்பரத்தைப் பார்த்தும் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நூறு மடங்கு என்று எங்கு படித்தாலும் மறுபக்கத்தில் எத்தனை சிபியு கோர் ஓடியது, எந்த பில்ட் என்று தேடிப் பாருங்கள். ஒற்றைக் கோரோடு போட்டி வைத்திருந்தால், அங்கே பாதி வெற்றி நடுவருடையது.

கார்ல்ஸ்ரூ ஆய்வை நான் மறுக்கவில்லை, மதிக்கிறேன். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பாக்கெட்டை ஒரு வரியில் "வந்தது, வரவில்லை" என்று முடிக்கும் மாடல் அல்ல அது. ஒவ்வொரு பாக்கெட்டின் அலைவடிவத்தையும் மாதிரி மாதிரியாகக் கணக்கிட்டு, நிஜமான ரிசீவர் செய்வது போலவே பிரித்தெடுக்கும் மாடல். அங்கே நேரத்தில் பெரும்பகுதி ஒரே மாதிரியான சிக்னல் கணக்கில் போகிறது. ஆம்டால் கேட்ட 95 விழுக்காடு அந்த மாதிரி இடத்தில்தான் கிடைக்கும். சியோன்னாவும் அதே ஜாதி. பிழைதிருத்தக் குறியீடுகளைப் பிரிப்பது, பல ஆன்டெனா அணிகளின் பெருக்கல், கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் கதிர்களைப் பின்தொடர்வது எல்லாம் ஜிபியுவின் சொந்த ஊர். அந்த வேலை செய்கிறவர் ஜிபியு கேட்டால் கையெழுத்துப் போடுங்கள், தாமதிக்காதீர்கள். கூனெட்சிம்காரர்களோ, மாடலையே ஜிபியுவுக்கென்று புதிதாக எழுதினார்கள். என்எஸ்-3ஐ அப்படியே வைத்துக்கொண்டு கார்டை மட்டும் செருகவில்லை. நம் வட்டாரத்து நம்பிக்கையோ செருகினால் போதும் என்பது.

6. துல்லியத்தைப் பற்றி ஒரே ஒரு சொல்.

என்விடியா விளையாட்டுக்கென்று விற்கும் அண்மைக்காலக் கார்டுகளில் இரட்டைத் துல்லியக் கணக்கு, ஒற்றைத் துல்லியத்தின் 64இல் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடும். 3060க்கும் இதே கதி. பெட்டியில் அச்சிட்ட வேகம் ஒற்றைத் துல்லியத்துக்கு. அதோடு குறுக்கீடுகளைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். எல்லையில் நிற்கும் ஒரு பாக்கெட் பிழைப்பதும் சாவதும் மாறும். அதன் பிறகு எல்லா பேக்ஆஃபும் வேறு பாதையில் போகும். சராசரி பெரிதாகக் கெடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று வந்த பிழையை இன்று திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியாமல் போய்விடும். அந்தத் தலைவலி அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

7. இணையாக ஓட வேண்டியது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

ஒரு ரன்னை வைத்து யாரும் முடிவு எழுதக் கூடாது. தற்செயல் எண்ணின் சீடை மாற்றி மாற்றி 20, 30 தடவையாவது ஓட்டி, சராசரியும் நம்பிக்கை இடைவெளியும் போட வேண்டும். இந்த 30 ரன்களும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாதவை. இரண்டாவது மறுப்பில் அலைக்கழித்த நேரவரிசைச் சிக்கல் இங்கே கிடையாது. 8 கோர் உள்ள கணினியில் எட்டை ஒரே நேரத்தில் ஓட்டலாம். நினைவகம் இடம் கொடுத்தால் கிட்டத்தட்ட எட்டு மடங்கு, நிரலில் ஒரு வரி மாற்றாமல். என்எஸ்-3இல் ரன் எண்ணை மாற்றுவதற்கென்றே வசதி இருக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தைச் சாயங்காலம் எட்டிப் பாருங்கள். 60 கணினி, நான்கு நான்கு கோர். 240 கோர். கல்லூரிப் பஸ் கிளம்பியதும் லேப் அசிஸ்டென்ட் வரிசையாக அணைத்துப் பூட்டுகிறார். காலை வரை இருட்டு. அந்தப் பூட்டிய அறைக்கு எதிரே உள்ள அறையில் உட்கார்ந்துதான் ஒரு ஜிபியுவுக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். சாவியை யார் வைத்திருப்பது, மின்கட்டணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்ற கேள்விகள்தான் தடை என்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் அது கணினியியல் சிக்கல் இல்லையே.

8. வேகமாக ஓடி எங்கே போகப் போகிறீர்கள்?

என் உண்மையான சண்டை இதுதான், மற்றவையெல்லாம் கணக்கு வழக்கு.

2005இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் (குர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ரோசோ) ஒரு காரியம் செய்தார்கள். மொபைல் நெட்வொர்க் ஆய்வுக்குப் பேர்போன மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வந்த 151 கட்டுரைகளை எடுத்துப் படித்தார்கள். 114இல் சிமுலேஷன் இருந்தது. அவற்றில் மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் கொடுத்தவை 15 விழுக்காட்டுக்கும் குறைவு. எந்த சிமுலேட்டர், எந்தப் பதிப்பு, எந்த சீடு என்பதைக்கூடப் பலர் எழுதவில்லை. உலகின் முதல்தர மாநாட்டில் இந்த நிலை. வேகம் போதாமல் வந்த கோளாறா இது?

நம் சாலைக்கே வருவோம். அந்தப் பையனின் மாடலில் தூரம் கூடக்கூட சிக்னல் ஒரே சீராகக் குறையும். பெருங்களத்தூர் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவே ஒரு மாநகரப் பேருந்து வந்து நிற்கும். 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த இரும்புப் பெட்டி ஒரு சுவர். 20 மீட்டரில் இருக்கும் ஸ்கூட்டர் கேட்காது, 200 மீட்டர் தள்ளி நேர்கோட்டில் வரும் லாரி கேட்கும். விபத்து நடப்பது அந்த 20 மீட்டரில். பேருந்தே இல்லாத மாடலை நூறு மடங்கு வேகமாக ஓட்டினால், பேருந்தே இல்லாத தாம்பரத்தைப் பற்றி நூறு மடங்கு சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம்.

2015 டிசம்பர் 1 மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரில் வீட்டுக்குள் அடையாறு. போன் எல்லாம் ஊமை. அதற்குப் பிறகு "கனமழையில் சிக்னல் இழப்பு" என்று திட்டம் தயாரித்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாம் பேசும் அலைவரிசைகளில் மழைத்துளி சிக்னலைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கரண்ட் போனது, டவர் பேட்டரி தீர்ந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லை, சாதனங்கள் தண்ணீரில் மூழ்கின. அந்த நாளை சிமுலேட் செய்ய நினைப்பவர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை மாடலில் சேர்க்க வேண்டும். அந்த வரியை எந்தக் கார்டும் உங்களுக்காக எழுதித் தராது.

சரியான கேள்வி சிமுலேஷனில் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 5ஜி தொழில்நுட்பங்களை எந்தச் சூழலில் சோதிப்பது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதி எழுதியபோது, டிஎஸ்டிஎஸ்ஐ என்ற இந்தியத் தர அமைப்பு ஒரு திருத்தம் கேட்டது. எங்கள் கிராமங்களில் டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும், ஆட்கள் மெதுவாக நகர்வார்கள், அதையும் சோதனையில் சேருங்கள் என்றது. 2017இல் ஒன்றியம் வெளியிட்ட வழிகாட்டியில் டவருக்கு டவர் 6 கிலோமீட்டர் என்ற சூழல் இடம்பிடித்தது. ஒரே ஓர் எண், 6,000 மீட்டர். உலகின் 5ஜி சோதனைக்குள் இந்தியக் கிராமம் நுழைந்தது அந்த எண் வழியாக. அதைக் கண்டுபிடிக்கக் கிராமம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதுமாக இருந்தது.

சிமுலேஷனை நிஜத்தோடு ஒப்பிடவும் தூரம் போக வேண்டாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து, 224 கோடி ரூபாய்த் திட்டத்தில் கட்டிய 5ஜி சோதனைக்களத்தைப் பிரதமர் 2022 மே 17 அன்று தொடங்கிவைத்தார். அது தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் வேண்டாம் என்றால் இரண்டு மலிவான ரேடியோக்களை இரண்டு ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஒரு காலை நேரம் ஜி.எஸ்.டி. சாலையில் போய்வந்தாலே, பேருந்து மறைத்தால் எத்தனை பாக்கெட் போகிறது என்று தெரிந்துவிடும். ஆய்வேட்டில் அந்த ஒரு பக்கம் மற்ற நூறு பக்கத்தையும் தாங்கிப் பிடிக்கும்.

துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். நெட்வொர்க் சிமுலேஷனுக்கு ஜிபியு கேட்டு அடுத்த விண்ணப்பம் வரும்போது கூடவே ஒரு தாள் கேளுங்கள். ஆப்டிமைஸ்டு பில்டில், பதிவுகளை நிறுத்திவிட்டு ஓட்டிய பெர்ஃப் பட்டியல். அதில் ஒரே மாதிரியான எண்கணக்கு ஒன்று பெரும்பங்கு நேரத்தைத் தின்கிறது என்று இருந்தால் வாங்கிக் கொடுங்கள். தாளே இல்லையென்றால் லேப் சாவியைக் கொடுங்கள்.

அந்தப் பையன் பில்டை மாற்றினான், பிகேப்பை நிறுத்தினான், ஒரு கிலோமீட்டர் எல்லை போட்டான். லேப் அசிஸ்டென்டைக் கெஞ்சி ஒரு சனி ஞாயிறு மட்டும் பத்துக் கணினியை அணைக்காமல் வைக்கச் சொன்னான். திங்கட்கிழமை காலை 30 ரன்னும் முடிந்திருந்தன. இப்போது மாடலில் பேருந்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான், அதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. ஜிபியுவும் பிறகு வந்து சேர்ந்தது. பக்கத்து ஆய்வகத்தில் யாரோ அதை வைத்து, சாலைப் படங்களில் ஷேர் ஆட்டோ எது, வேன் எது என்று பிரித்துப் பார்க்கப் பழக்குகிறார்கள். நன்றாக ஓடுகிறதாம்.